மிஷன் பள்ளியா, ஞாயிறு மறைக்கல்வியா, வீட்டு செபமா? பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க எது கைகொடுக்கும்?

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைக்கு நாலு வயது நெருங்கினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் சேர்ப்பதா, பக்கத்தில் இருக்கும் ஏதாவது சிபிஎஸ்இ பள்ளியில் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடக்கும் மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்புவதா, இல்லை இரண்டையும் பெரிதாக நம்பாமல் வீட்டிலேயே செபம் சொல்லிக்கொடுத்து வளர்ப்பதா. இப்போது நாலாவதாக ஒரு குரலும் சேர்ந்திருக்கிறது, பெரும்பாலும் ஐடி வேலைக்குப் போகும் இளம் பெற்றோரிடமிருந்து: எதையும் திணிக்க வேண்டாம், பதினெட்டு வயதானதும் அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். நாலையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். நான் வீட்டு செபத்தின் பக்கம் சாய்ந்தவள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற மூன்றையும் ஒதுக்கிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில், நாம் எதற்குப் பயப்படுகிறோம்? காலம் கெட்டுவிட்டது, பசங்களுக்குக் கடவுள் பயமே இல்லை என்று பூசையில் பிரசங்கம் கேட்கிறோம். ஆனால் வெளியே வந்து பார்த்தால் நம் ஊரில் கடவுளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள், மண்ணடியில் ஐந்து வேளையும் பாங்கு கேட்கிறது, திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை நிற்க இடம் கிடைக்காது, ஆர்மேனியன் தெரு அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. நாத்திகமும் நமக்குப் புதிது இல்லை. பெரியார் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கியது 1925-இல், பெரியார் திடல் இருப்பது இதோ வேப்பேரியில். நம் தாத்தாக்கள் அந்தக் கூட்டங்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஞாயிறன்று பூசைக்கும் போனவர்கள்தான்.

புதிதாக வந்திருப்பது நேரப் பஞ்சம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு டியூஷன், ஒன்பதுக்கு அபாகஸ், கொஞ்சம் பெரிய வகுப்பென்றால் நீட் கோச்சிங், மீதி இருப்பதைக் கைபேசி எடுத்துக்கொள்கிறது. கடவுள் இல்லை என்று வாதம் செய்து கோயிலை விட்டு விலகிய பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பில் டியூஷன் நேரம் மாறியது, அதோடு மறைக்கல்வி நின்றது, அப்புறம் பூசை மாதத்துக்கு ஒன்றானது, பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் என்றானது, இப்படித்தான் நடக்கிறது. அதனால் நாலு வழிகளையும் நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். பிள்ளைக்கு இதில் உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது? அந்த நேரத்தில் அதனிடம் பேசுவது யார்?

மிஷன் பள்ளியை எடுத்துக்கொள்வோம். நம் பெற்றோர் தலைமுறைக்கு இதில் கேள்வியே இருந்ததில்லை. காலையில் அசெம்பிளியில் செபம், மாதத்தின் முதல் வெள்ளிக்குப் பூசை, வாரத்துக்கு ஒன்றிரண்டு பாடவேளை மறைக்கல்வி. அதே பாடவேளையில் மற்ற மதப் பிள்ளைகளுக்கு நீதிபோதனை. மற்றவர்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 28-வது பிரிவு சொல்கிறது. இந்தப் பள்ளிகளின் பெரிய பலம் என்று நான் நினைப்பது இந்தக் கலப்பைத்தான். நம் பக்கத்து மிஷன் பள்ளிகளில் பல வகுப்புகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் சிறுபான்மைதான். 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்திலேயே எல்லாச் சபைகளையும் சேர்த்துக் கிறிஸ்தவர்கள் 8 சதவீதத்துக்குக் கீழே. நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிடுவதை இன்னொருவன் பார்க்கிறான், அவன் நோன்பு இருப்பதை இவன் பார்க்கிறான், இருவரும் சேர்ந்து லீவு விட்டதும் கடற்கரையில் பந்து ஆடுகிறார்கள். இதைப் புத்தகத்தில் சொல்லித்தர முடியாது.

குறை எங்கே என்றால், பள்ளி என்பது முதலில் பள்ளி. பத்தாம் வகுப்பு வந்தால் மறைக்கல்விப் பாடவேளையைக் கணக்கு டீச்சர் கடன் வாங்குவார், திருப்பித் தர மாட்டார். சதவீதம் வேண்டும் என்ற அவசரம் அங்கேயும் அதேதான். அட்மிஷனுக்குப் பங்குத்தந்தையிடம், அதாவது நம் பகுதிக் கோயிலின் சாமியாரிடம், கடிதம் வாங்கி வரச் சொல்லும் பள்ளிகள் உண்டு. அந்த ஒரு வருடம் மட்டும் பெற்றோர் முன்வரிசையில் முழங்கால் போடுவதைப் பார்த்தால் சாமியாருக்கே சிரிப்பு வரும். செலவு இன்னொன்று. உதவி பெறும் தமிழ்வழிப் பிரிவு என்றால் பெரிய பாரம் இல்லை, சுயநிதி ஆங்கிலவழி என்றால் கையைக் கடிக்கும். கட்டாயக் கல்விச் சட்டம் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் சேர்த்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டதால், அந்த வழியில் இடம் தேடினால் மற்ற தனியார் பள்ளிகளில்தான் கிடைக்கும்.

எனவே கட்டணம் தாங்கும், வீட்டுக்கும் பக்கம் என்றால் மிஷன் பள்ளி நல்ல தேர்வு. பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் வேலையைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பில் கடன் வாங்கிச் சேர்ப்பதாக இருந்தால், வேண்டாம்.

அடுத்தது ஞாயிறு மறைக்கல்வி. இதற்கு ஒரு பெரிய வசதி, படிப்படியான இலக்கு இருக்கிறது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, அப்புறம் ஞானஸ்நானத்தில் பெற்ற விசுவாசத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல். விவரம் தெரிந்த வயது, அதாவது ஏழு வயது வாக்கில், பிள்ளைகள் நன்மை வாங்கலாம் என்று 1910-இல் போப் பத்தாம் பயஸ் ஆணையிட்டார். அதற்கு முன் பத்து, பன்னிரண்டு வயது வரை காக்க வைப்பார்கள். அந்த வெள்ளை உடுப்பும் மெழுகுவர்த்தியும் எங்கள் வீடுகளில் கிட்டத்தட்ட ஒரு கல்யாணம் மாதிரி. சொல்லிக்கொடுப்பவர்கள் சம்பளம் வாங்காதவர்கள், கல்லூரிப் பெண்கள், ரிட்டையர் ஆன ஆசிரியர்கள், ஒன்றிரண்டு சிஸ்டர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் முதல் ஏப்ரல் வரை, பரீட்சை, திருவிழா எல்லாம் போக, வருடத்துக்கு நாற்பது ஞாயிறு தேறினால் அதிகம். ஞாயிறுக்கு ஒரு மணி நேரம். நாற்பது மணி நேரம். மண்ணடியிலும் முத்தியால்பேட்டையிலும் முஸ்லிம் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு மதரஸாவுக்கு ஓதப் போகிறார்கள், அநேகமாக தினமும். அவர்கள் சில மாதத்தில் முடிப்பதற்கு நமக்கு ஒரு வருடம் தேவைப்படுகிறது. பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பத்து நாளில் பாட்டும் நாடகமுமாகப் பிள்ளைகளை அள்ளிவிடுகிறார்கள். நாம் இன்னும் கேள்வி பதிலை மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டிருக்கிறோம்.

காசிமேட்டுக் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதைப் பங்குப் பேரவையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஊரே மீன் வாங்க வருவது ஞாயிறு காலையில்தான். இருட்டோடு எழுந்து ஏலத்துக்குப் போகும் அம்மா, கூடையோடு உட்காரும் ஆயா, போட்டில் இருந்து இறங்காத அப்பா. அந்த வீட்டுப் பிள்ளையைக் குளிக்க வைத்து எட்டு மணிக்கு மறைக்கல்விக்கு அனுப்புவது யார்? வராத பிள்ளையை அக்கறையில்லாத வீட்டுப் பிள்ளை என்று சொல்வது மட்டும் சுலபமாக நடக்கிறது. சனிக்கிழமை மாலை ஒரு வகுப்பு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். உங்கள் பங்கில் கேட்டுப் பாருங்கள்.

மொழியும் இடிக்கிறது. ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் விவிலியத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு எளிய நடைதான், அதுவே அவர்களுக்குக் கடினம். உடனே ஆங்கிலப் பூசைக்குக் கூட்டிப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் ஆயா தமிழ்ப் பூசையில், பேரன் ஆங்கிலப் பூசையில் என்று பிரிந்துவிட்டால் வீட்டில் இருவரும் சேர்ந்து சொல்ல ஒரு செபம்கூட மிஞ்சாது.

சரி, வீட்டு செபம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம். ஒரு நாள் விடாமல் செய்தால் வருடத்துக்கு 60 மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள்தான் முடிகிறது என்றாலும் 43 மணி நேரம், அதுவே மறைக்கல்வியைத் தாண்டிவிடுகிறது. செலவு இல்லை, பேருந்து இல்லை, அட்மிஷன் இல்லை. பேசுவது அம்மா அப்பா, இல்லையென்றால் ஆயா.

இதைச் சொன்னதும் எல்லோரும் ஐம்பத்துமூன்று மணிகளையும் உருட்டிச் சொல்லும் முழு செபமாலையை நினைத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் பாதி வீடுகளில் இது நின்றுபோகிறது. முழு செபமாலையைப் பிள்ளை பாதித் தூக்கத்தில் முணுமுணுப்பதைவிட அதில் ஒரே ஒரு பத்துமணி, அதாவது பத்து மணிகள் உள்ள ஒரு பகுதி, போதும். அதன்பின் அன்று நடந்ததில் ஒன்றைச் சொல்லி நன்றி, யாருக்காவது ஒரு மன்றாட்டு. பக்கத்து வீட்டு அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றால் அவருக்கு. ஷிஃப்ட் வேலைக்குப் போகிற வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார முடியாது, யார் இருக்கிறார்களோ அவர்கள் போதும். கடலுக்குப் போகிற வீடுகளுக்கு நான் சொல்லும் யோசனை இது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், விசைப்படகில் போகிற அப்பா கரையில் இருக்கிறார், பிள்ளைக்கும் கோடை விடுமுறை அதில்தான் வருகிறது. வருடம் முழுக்க முடியாதவர்கள் இந்த இரண்டு மாதம் அப்பாவைத் தொடங்கச் சொல்லுங்கள். அம்மா செபம் சொல்வதைப் பார்த்துப் பார்த்து, அது பெண்கள் வேலை என்று பையன்கள் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அப்பா மாதாவை நோக்கிய ஒரு மங்கள வார்த்தை செபத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாலும் அதன் பலன் வேறு.

வீட்டில் மட்டும்தான் பேச முடிகிற விஷயங்களும் இருக்கின்றன. வடசென்னையில் எத்தனையோ வீடுகளில் சுவரில் வேளாங்கண்ணி மாதா, பள்ளிச் சான்றிதழில் இந்து. காரணம் எல்லோருக்கும் தெரியும். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்தது, 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள், அங்கே போட்டி வேறு மாதிரி. சேரி ஒன்றுதான், தீண்டாமை ஒன்றுதான், ஞானஸ்நானம் வாங்கியதும் அதெல்லாம் போய்விடுமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஆனால் வகுப்பில் மதம் என்ன என்று கேட்கும்போது எதைச் சொல்வது என்று முழிப்பது பத்து வயதுப் பிள்ளை. பள்ளியில் சிஸ்டர் இதைப் பேச மாட்டார், மறைக்கல்வி டீச்சரும் பேச மாட்டார். பெற்றோர் உட்கார வைத்து, ஏன் இப்படி இருக்கிறது, இதில் யாருடைய அநியாயம் இருக்கிறது என்று வயதுக்குத் தக்கபடி சொல்லாவிட்டால், செபம் என்பதே ஒளித்துச் செய்யும் ஒன்று என்று பிள்ளை புரிந்துகொள்ளும். விவரம் தெரிந்த வயதில் அம்பேத்கரைப் படிக்கும்போது, ஏன் சொல்லவில்லை என்று அதுவே கேட்கும்.

கோயிலுக்குள்ளும் சாதி உண்டு என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது. அது வெளியிலிருந்து தெரிந்துகொண்டால் நம் மீதே நம்பிக்கை போய்விடும்.

வீட்டு வழிக்கும் ஆபத்து உண்டு. பெற்றோருக்கே தெரியாததைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? டைனோசர் பைபிளில் ஏன் இல்லை, பக்கத்து வீட்டுப் பாத்திமா நரகத்துக்குப் போவாளா, இந்தக் கேள்விகளுக்கு வாயை மூடு என்று சொல்லும் வீட்டில் பத்து நிமிடம் என்ன, பத்து மணி நேரம் செபம் சொன்னாலும் பயனில்லை. தெரியாது, ஃபாதரிடம் கேட்போம் என்று சொல்லலாம். பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் நாலு வீடு சேரும்போது இதையெல்லாம் பேசலாம், பெரும்பாலும் சுண்டலோடு கலைந்துவிடுகிறோம். இன்னொன்று, வீட்டுக்குள் மட்டும் இருக்கும் பக்தி சீக்கிரம் நம் பிள்ளைக்கு நல்ல மார்க் கொடு என்பதோடு சுருங்கிவிடும். வியாசர்பாடியில் மாந்தோவானி என்ற சலேசியக் குரு ஏழைகளுக்காகத் தொடங்கிய பியாட்டிட்யூட்ஸ் இல்லம் இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் இந்தப் பக்கத்துக் குடிசைகளுக்கு நடுவில் ஏன் வந்து கிடந்தார் என்ற கதையைச் சொல்லி, பிறந்தநாள் பணத்தில் ஒரு மூட்டை அரிசி வாங்கி இப்படி ஒரு இல்லத்துக்குப் பிள்ளையின் கையால் கொடுக்க வையுங்கள். கொடுத்ததைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடாமல்.

நாலாவது வழி, பதினெட்டில் முடிவு செய்யட்டும் என்பது. இதைச் சொல்பவர்களை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பயமுறுத்தி வளர்க்கப்பட்டவர்கள் அவர்களில் பலர், பூசைக்குப் போகாததற்கு அடி வாங்கியவர்கள். தங்கள் பிள்ளைக்கு அது வேண்டாம் என்கிறார்கள், நியாயம்தானே. கலப்பு மணம் செய்தவர்களும் இந்த வழிக்கு வருகிறார்கள். 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்துகொண்டு இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளையும் சமாளிப்பவர்களுக்கு இது சண்டையைத் தள்ளிப்போடும் வழி. திருச்சபை அனுமதியோடு கோயிலில் கட்டியவர்களுக்கு மட்டும் ஒன்று நினைவிருக்க வேண்டும்: பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்கத் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்வேன் என்று கத்தோலிக்கத் துணை வாக்குக் கொடுத்திருப்பார். ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுபவர்களுக்கு இன்னொரு தகவல்: ஏழு வயது முடிந்துவிட்டால் திருச்சபைச் சட்டப்படி அந்தப் பிள்ளைக்குப் பெரியவர்களுக்கான முறைதான், தயாரிப்பு எல்லாம் உண்டு, குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவது போல அரை மணியில் முடியாது.

எனக்கு இதில் இடிப்பது ஒன்றுதான். நேரக் கணக்கில் இந்த வழிக்குக் கிடைப்பது பூஜ்யம், பேசுவது நாம் இல்லை. நாம் பேசாத இடத்தில் யூடியூப் பேசும், வாட்ஸ்அப் பேசும், மதத்தை வைத்து வெறுப்பு விற்பவனும் பேசுவான். பதினெட்டு வயதில் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? இரண்டு பக்கத்தையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்து, ஆண்டர்சன் தெரு அச்சகத்தில் அடித்த மாதா படத்தையும் பெரியார் புத்தகத்தையும் ஒரே அலமாரியில் வைத்து, உட்கார்ந்து பேசி வளர்க்கும் வீடு இருந்தால் அது வேறு. அது என் வீட்டு செபத்தைவிட உழைப்பு அதிகம் கேட்கும் வழி, அதைச் செய்பவர்களை மதிக்கிறேன். நான் பார்ப்பதில் பெரும்பாலானவை அப்படி இல்லை. வேலைக் களைப்பில் விட்டுவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அதனால் என் வரிசை: வீட்டில் பத்து நிமிடம் முதலில். ஞாயிறு மறைக்கல்வி அதற்குத் துணை, குறிப்பாகப் பிள்ளைக்கு அதே வயது நண்பர்கள் கோயிலில் கிடைப்பதற்காக. பள்ளியை வசதி, தூரம், படிப்பு பார்த்துச் சேர்க்கலாம், மிஷன் பள்ளியாக அமைந்தால் சந்தோஷம். நாலாவது வழியிலிருந்து எடுத்துக்கொள்வது, இல்லை என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்பதை.

அந்த உரிமை பதினாலு பதினைந்து வயதில் கேட்கப்படும், நான் வரலை என்று. கேட்ட அன்றே வீட்டில் இடி விழுந்த மாதிரி நடந்துகொள்ள வேண்டியதில்லை. ராத்திரி செபத்துக்கு வந்து உட்கார், சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம் என்று விடலாம். சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துக்கொண்டு போவதை நான் செய்ய மாட்டேன். உறுதிபூசுதல் அந்த வயதுக்குக் கொஞ்சம் முன்பின்னாகத்தான் வரும். மனமில்லாத பிள்ளை என்றால் பங்குத்தந்தையிடம் சொல்லி ஒரு வருடம் தள்ளிவைக்கலாம், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அதைக் கொடுக்க அடுத்த வருடம் ஆயர் (பிஷப்) மறுபடியும் வருவார். சட்டை தைத்தாயிற்று, பிரியாணிக்கு ஆள் சொல்லியாயிற்று, ஞானத்தகப்பன் ஊரிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டார் என்பதற்காக அதை வரிசையில் நிறுத்தாதீர்கள். டிக்கெட்டை கேன்சல் செய்துகொள்ளலாம், சட்டை எப்படியும் அடுத்த வருடத்துக்குப் பற்றாது.